இசைத்தட்டில் ஏறிய வயற்பாட்டும் ஏறாத திருகைப்பாட்டும்

தமிழ்த் திரையிசை வரலாற்றில் 1950 முதல் 1960 வரையிலான காலத்தை நாட்டுப்புற மெட்டுகளின் பொற்காலம் என்று சொல்வதுண்டு. உழவனும் வண்டிக்காரனும் மாடு மேய்ப்பவனும் பாட்டுடைத் தலைவர்களாகி வெள்ளித்திரையில் உலவிய காலம் அது. இன்றும் ஊர்த் திருவிழா ஒலிபெருக்கியில் அப்பாடல்கள் ஒலிக்கும்போது தாத்தாவும் பேரனும் ஒருங்கே தலையசைக்கக் காண்கிறோம். அப்புகழ் அப்பாடல்களுக்குத் தகுவதே. ஆயினும் அவற்றைக் கேட்டு மகிழும் நாம், 'நாட்டுப்புறப் பாடல் பாதுகாக்கப்பட்டுவிட்டது. இனி நாம் செய்ய வேண்டுவது ஒன்றுமில்லை' என்று அமைந்துவிடுவோமானால், அது நம் முதியோருக்குச் செய்யும் தீங்காகும். இசைத்தட்டில் ஏறியது ஒரு சிறு பகுதி. ஏறாத பெரும்பகுதி இன்னும் நம் வீட்டுத் திண்ணைகளில், எழுபது எண்பது ஆண்டு வாழ்ந்த நெஞ்சங்களில் இருக்கின்றது. அந்நெஞ்சங்கள் அடங்குமுன் அதைக் கேட்டுப் பதிந்து வைத்தல் தமிழ் பயிலும் நம் கடமை என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏடும் வயலும்

ஏட்டில் எழுதும் புலவர் வயலில் பாடுவோரிடம் கடன்பட்டிருப்பது தமிழில் நேற்று ஏற்பட்ட வழக்கமன்று. தொல்காப்பியர் செய்யுளியலில் பண்ணத்தி என்னும் வகையொன்றைக் குறிப்பிடுகின்றார். எழுத்துப் பயிற்சிக்கு வெளியே மக்களிடையே வழங்கிய பாட்டுகளை அது சுட்டும் என்பது பேராசிரியர் உரைவழி நாம் பெறும் கருத்து. இளங்கோவடிகள் ஆய்ச்சியர் குரவையையும் குன்றக் குரவையையும் தம் காப்பியத்துள் முழுமையாக அமைத்தார். வாழ்த்துக் காதையில் அம்மானை வரி, கந்துக வரி, ஊசல் வரி ஆகியவற்றோடு வள்ளைப் பாட்டையும் சேர்த்தார். வள்ளை என்பது பெண்கள் உலக்கை கொண்டு குற்றும்போது பாடுவது. சேரர் குடியில் பிறந்த துறவி ஒருவர் உலக்கைப் பாட்டுக்குக் காப்பியத்தில் இடமளித்தார் என்றால், அப்பாட்டின் பெருமை சொல்லாமலே விளங்கும்.

அண்ணாமலை ரெட்டியார் காவடிச் சிந்தைப் புலவர் அவைக்கு உரியதாக்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டில். பாரதியார் தம் குயில் பாட்டில், தம் உள்ளத்தைப் பறிகொடுத்த இசைகளை அடுக்கிச் சொல்லும்போது ஏற்றம் இறைப்போரையும் நெல்லிடிக்கும் பெண்களையும் மறவாமல் குறிக்கின்றார். ஆகவே 1950களில் திரைப்படக் கவிஞர்கள் தெம்மாங்கையும் சிந்தையும் கும்மியையும் நாடிச் சென்றது புதுமையன்று. ஈராயிரம் ஆண்டு மரபின் ஒரு தொடர்ச்சியே அது. புதுமை வேறொன்றில் இருந்தது. இம்முறை மக்கள் பாட்டு ஏட்டில் ஏறவில்லை, எந்திரத்தில் ஏறியது.

சேலத்திலிருந்து ஒலித்த குரல்

கம்பைநல்லூர் இன்று தருமபுரி மாவட்டத்துப் பேரூர். ஆனால் 1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தருமபுரி மாவட்டம் தோன்றும்வரை அது சேலம் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. அச்சேலத்தில் ஏர்க்காடு செல்லும் சாலையில் டி. ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், அக்காலத்தில் தென்னாட்டின் பெரும் படப்பிடிப்பு நிலையங்களுள் ஒன்று. நாம் பேசும் பாட்டுகளுள் பல அங்கிருந்தே புறப்பட்டன என்பது நம் பகுதியினர் நினைவிற் கொள்ளத்தக்கது.

கவிஞர் அ. மருதகாசி திரையுலகில் அடியெடுத்து வைத்தது அந்நிறுவனத்தின் 'மாயாவதி' (1949) படத்தின் வாயிலாக. பத்தாண்டு கழித்து அந்நிறுவனமே தந்த 'வண்ணக்கிளி' (1959) படத்துக்கு அவர் பாட்டெழுத, கே. வி. மகாதேவன் இசையமைத்தார். மாடு மேய்ப்பவனை விளித்துப் பாடும் பாட்டும், மாட்டு வண்டி உருளும் ஓசையோடு நடக்கும் பாட்டும் அப்படத்தால் நாடெங்கும் பரவின. இவ்விருவரும் சேர்ந்து 'மக்களைப் பெற்ற மகராசி' (1957) படத்துக்கு ஆக்கித் தந்த உழவுப் பாட்டை டி. எம். சௌந்தரராசன் பாடினார். எந்த ஊர் மாடு, எந்த ஊர் ஏர், எந்த ஊர் நெல் என்று ஊர்ப்பெயர்களைக் கொண்டே ஒரு வேளாண்மைப் பாடத்தை நடத்தும் பாட்டு அது. கொங்கு வட்டார வழக்கைக் கதைத்தலைவன் வாயில் துணிவோடு வைத்த படமும் அதுவே.

பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் மாடர்ன் தியேட்டர்சாரின் 'பாசவலை' (1956) படத்துக்கு எழுதிய பாடல்கள் அவருக்குப் புகழ் தேடித் தந்தன. உழவராகவும் மாடு மேய்ப்பவராகவும் உப்பளத் தொழிலாளராகவும் பல தொழில் செய்து வாழ்ந்தவர் அவர். பாட்டாளியின் சொல்லைப் பாட்டாளியின் மெட்டிலேயே அவர் வைத்தார். 1959 அக்டோபர் 8ஆம் நாள் அவர் மறைந்தபோது அகவை 29. இவர்களுக்கு மூத்தவரான உடுமலை நாராயணகவி, நாடக மேடையிலிருந்து வந்தவர். மக்கள் மெட்டில் சீர்திருத்தக் கருத்தை ஏற்றிக் காட்டியவர். கொத்தமங்கலம் சுப்பு காந்தியடிகளின் வரலாற்றை வில்லுப்பாட்டாகவே பாடிச் சென்றார்.

இப்பாடல்கள் நம் பகுதிச் சிற்றூர்களை அடைந்த வழிகளும் எண்ணத்தக்கவை. கீற்றுக் கொட்டகையில் நடந்த டூரிங் டாக்கீசில் படம் தொடங்குமுன் கூம்பு ஒலிபெருக்கி பாட்டிசைக்கும். அரை மைல் தொலைவிலுள்ள களத்து மேட்டில் இருப்பவருக்கும் அது கேட்கும். திருமண வீட்டில் ஒலித்த இசைத்தட்டு, ஊராட்சி மன்றக் கட்டடத்து வானொலிப் பெட்டி, இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு ஆகிய அனைத்தும் அவற்றைக் கொண்டு சேர்த்தன. படிக்கத் தெரியாதவர்க்கும் மருதகாசியின் தமிழ் மனப்பாடமாயிற்று. பள்ளி செய்யாத பணியைப் பாட்டு செய்தது. இக்கவிஞர்களைப் 'பாட்டெழுதும் தொழிலாளர்' என்று கருதித் தமிழ்த் துறைகள் நெடுங்காலம் ஒதுக்கி வைத்தது நேர்மையன்று. அவர்களின் தேர்ந்த பாடல்கள் செய்யுள் பாடத்தில் இடம்பெறுதல் வேண்டும் என்பது நம் உறுதியான கருத்து.

கடல் கடந்த ஓர் ஒப்புமை

ஏறத்தாழ இதே காலத்தில் அமெரிக்க நாட்டிலும் இதற்கு நிகரான ஒன்று நடந்தது. அந்நாட்டுத் தென்பகுதி மலையூர்களிலும் பருத்தி வயல்களிலும் வழங்கிய ஏழை எளியோர் பாட்டு, 'காட்டான் பாட்டு' என்னும் பொருள்படும் ஏளனப் பெயரால் முதலில் சுட்டப்பட்டது. பின்னர் 1940களின் இறுதியில் 'கன்ட்ரி' என்ற மதிப்பான பெயரைப் பெற்று, 1950களில் அந்நாடு முழுவதும் விரும்பும் இசையாக வளர்ந்தது. நம் நாட்டில் 'பட்டிக்காட்டுப் பாட்டு', 'தெருப்பாட்டு' என்று இகழப்பட்டவை திரைக்குச் சென்று செல்வாக்குப் பெற்றதை இது நினைவூட்டுகின்றது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் தீராக் கடனைப் பற்றி மெர்ல் டிராவிஸ் பாடி 1946இல் பதிவு செய்த பாட்டு, 1955இல் டென்னசி எர்னி ஃபோர்டு பாடியபோது நாடு தழுவிய வெற்றி பெற்றது. அவ்விசையின் பெருங்கவிஞராகப் போற்றப்படும் ஹேங்க் வில்லியம்ஸ் 1953ஆம் ஆண்டின் முதல் நாளில் மறைந்தார். அவர்க்கும் அகவை 29 தான். பட்டுக்கோட்டையாரை எண்ணாமல் இருக்க இயலவில்லை.

ஆனால் அவ்வரலாற்றில் நாம் கற்க வேண்டிய பாடம் அதன் வெற்றியில் இல்லை. அவ்வெற்றியில் மறைந்துபோன பெயர்களில் இருக்கின்றது. 1927ஆம் ஆண்டு கோடையில், டென்னசி, வர்ஜீனியா மாநிலங்களின் எல்லையிலுள்ள பிரிஸ்டல் நகரில், இசைத்தட்டு நிறுவனமொன்றுக்காக ரால்ப் பியர் என்பவர் மலையூர்ப் பாடகர்களை அழைத்துப் பதிவு செய்தார். கார்ட்டர் குடும்பத்தார் அப்போதுதான் அறிமுகமாயினர். அக்குடும்பத் தலைவர் ஏ. பி. கார்ட்டர் பின்னர் ஊர் ஊராகச் சென்று பாட்டுத் திரட்டினார். அவருடன் சென்றவர் லெஸ்லி ரிடில் என்னும் கறுப்பின இசைஞர். கார்ட்டர் சொற்களை எழுதிக்கொள்ள, மெட்டைத் தம் நினைவில் ஏந்தி வந்தவர் ரிடில். இசைத்தட்டில் அச்சானது கார்ட்டர் என்ற பெயர்தான். பாடித் தந்த சிற்றூர் மக்களின் பெயரும் இல்லை. மெட்டைச் சுமந்து வந்த ரிடிலின் பெயரும் இல்லை. 1960களில் ஆய்வாளர்கள் தேடிச் சென்ற பின்னரே அவரை உலகம் அறிந்தது. சிறுவன் ஹேங்க் வில்லியம்சுக்கு இசை பயிற்றிய தெருப்பாடகர் ரூபஸ் பெய்னும் கறுப்பினத்தவரே. அவர் பாடிய ஒரு பாட்டின் பதிவுகூட நமக்குக் கிடைக்கவில்லை.

மூன்று நிமிடத்தின் விலை

இப்போது நம் நாட்டுக்குத் திரும்புவோம். வயற்பாட்டு இசைத்தட்டில் ஏறியபோது அதற்கு நேர்ந்த மாற்றங்களை மூன்றாகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது, காலம். அக்காலத்து இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். வயற்பாட்டுக்கு அத்தகைய அளவு கிடையாது. வேலை முடியும்வரை பாட்டு நீளும். ஏற்றப் பாட்டு இறைத்த சாலை எண்ணிக்கொண்டே செல்லும். எண்ணிக்கை முடிந்தால்தான் பாட்டு முடியும். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர் ஏற்றுப் பாடுவர். நடுவில் வரப்பில் போகிறவரைக் கேலி செய்யும் வரி ஒன்று புதிதாகச் சேரும். கூலி குறைத்தவரைக் குத்தும் வரி ஒன்றும் நுழையும். நேற்றுப் பாடியதும் இன்று பாடுவதும் ஒன்றாயிரா. மூன்று நிமிடத் தட்டில் இவற்றுக்கு இடமில்லை. ஓடும் ஆற்றில் ஒரு குடம் முகந்தது போல் ஆயிற்று. குடத்து நீரும் ஆற்று நீரே என்பது உண்மை. ஆயினும் குடத்தில் ஓட்டமில்லை.

இரண்டாவது, நிலம். மருதகாசி பிறந்த மேலக்குடிகாடு, கல்யாணசுந்தரம் பிறந்த செங்கப்படுத்தான்காடு, 'மலைக்கள்ளன்' காலத்துப் புகழ்பெற்ற கவிஞர் தஞ்சை இராமையாதாசின் தஞ்சை ஆகிய யாவும் காவிரியை அடுத்த நாட்டைச் சார்ந்தவை. அவர்கள் தாம் அறிந்த வயலைப் பாடினர். அதில் குறை காண்பது முறையன்று. ஆனால் அதன் விளைவாகத் திரையில் நாம் கண்ட 'கிராமம்' பெரும்பாலும் நெல் விளையும் கிராமமாகவே அமைந்துவிட்டது. கேழ்வரகும் சாமையும் கொள்ளும் நிலக்கடலையும் விளையும் நம் வானம் பார்த்த பூமியின் பாட்டு அங்கே அரிதாயிற்று. நெல்லுக்குக் கிடைத்த இசைத்தட்டு கேழ்வரகுக்குக் கிடைக்கவில்லை. நம் படப்பிடிப்பு நிலையம் சேலத்தில் இருந்தும், சேலத்து மேட்டுக்காட்டின் குரல் அதில் மிகுதியாக ஏறவில்லை என்பது எண்ணிப் பார்க்கத்தக்க முரண்.

மூன்றாவது, பாடுவோர். முன்னர் ஊரில் எல்லோரும் பாடினர். குரல் நன்றாயில்லை என்று யாரும் ஒதுக்கப்படவில்லை. ஒலிபெருக்கி வந்தபின் பாடுபவர் சிலர், கேட்பவர் பலர் என்ற நிலை உண்டாயிற்று. 'பாட்டு' என்ற சொல்லின் பொருளே சுருங்கியது. கருவியிலிருந்து வருவதுதான் பாட்டு என்று மக்கள் எண்ணத் தொடங்கினர். இம்மூன்றனுள் இதுவே பேரிழப்பு.

கம்பைநல்லூர் தந்த பாடம்

இக்கருத்து வெறும் ஊகமன்று. நம் துறையில் பயிலும் மாணவர்களுள் கம்பைநல்லூர், இருமத்தூர், மொரப்பூர்ப் பகுதிகளிலிருந்து வருவோர் உளர். நாட்டுப்புறவியல் தாளுக்காக, வீட்டு முதியோரிடம் பாட்டுக் கேட்டு வருமாறு ஒருமுறை அவர்களைப் பணித்தோம். கம்பைநல்லூரை அடுத்த சிற்றூர் மாணவர் ஒருவர் தம் பாட்டியாரிடம், "ஆயா, பழைய பாட்டு ஒண்ணு பாடு" என்று கேட்டிருக்கின்றார். அம்மூதாட்டியார் உடனே மகிழ்ந்து பாடியது 'வண்ணக்கிளி' படப் பாட்டு! அடுத்து ஒன்று கேட்டபோது வந்ததும் திரைப்பாட்டே. "மாவு திரிக்கையில் நீ முணுமுணுப்பாயே, அது என்ன?" என்று பேரன் கேட்ட பின்னர், அவர் வியப்போடு, "அதுவா? அது பாட்டில்ல கண்ணு. திருகை சுத்தறப்பச் சொல்றது" என்றாராம்.

'அது பாட்டில்லை' என்ற அந்த ஒரு சொல்லில் அரை நூற்றாண்டு வரலாறு அடங்கிக் கிடப்பதாக நாம் கருதுகிறோம். பேரன் வற்புறுத்த, அவர் திருகைக்கல் முன் அமர்ந்து, கை சுற்றச் சுற்றச் சொல்லத் தொடங்கினார். கல் நின்றால் பாட்டும் நின்றது. வெறுமனே உட்கார்ந்து சொல்லச் சொன்னால் அடி மறந்தது. கையில் பிடியைக் கொடுத்தால் நினைவு வந்தது. பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் இடைப்பட்ட வழியின் நெடுமை, மழை பொய்த்த ஆண்டில் களிக்கு மாவில்லாத அடுப்பு, வேலை தேடிப் போன கணவன் ஆகிய இவையே அதன் பொருள். இரு பக்கம் எழுதி முடிப்பதற்குள் மூதாட்டியார் களைத்துவிட்டார். அம்மாணவர் கொண்டுவந்த தாளில் பாட்டு முற்றுப்பெறவில்லை. மறுமுறை கேட்கச் செல்வதற்குள் அவர் நோய்வாய்ப்பட்டுப் பேச்சிழந்தார் என்று அறிந்தோம். எஞ்சியிருந்த அடிகள் என்னவென்று இனி யாரும் அறிய வழியில்லை.

ஆனிரை மீட்டு மாண்ட வீரனுக்குக் கல் நட்டு, அவன் பெயரையும் ஊரையும் வீழ்ந்த களத்தையும் எழுத்தில் பொறித்து வைத்த மண் தருமபுரி மண். அந்நடுகற்கள் இன்றும் தருமபுரி அகழ்வைப்பகத்தில் நம்மை நோக்கி நிற்கின்றன. மாட்டை மீட்டவனின் பெயரை ஆயிரம் ஆண்டு காத்த மண்ணில், மாவு திரித்துப் பாடியவளின் பெயரைக் காக்க ஒரு தாள் கிடைக்கவில்லை எனில், அக்குறை யாருடையது?

எழும் மறுப்புகள்

இதற்கு அறிஞர் சிலர் மறுப்புக் கூறக்கூடும். 'வேலை மறைந்தால் பாட்டும் மறையும், அதுவே இயற்கை. மின்மோட்டார் வந்தபின் ஏற்றப் பாட்டு எதற்கு? மாவு எந்திரம் வந்தபின் திருகைப் பாட்டு எதற்கு?' என்பது முதல் மறுப்பு. பெண்கள் மீண்டும் விடியற்காலையில் எழுந்து கல் சுற்ற வேண்டும் என்று நாம் விரும்பவில்லை. அவ்வேலை ஒழிந்தது நன்றே. ஆனால் அவ்வேலையைச் செய்தோர் தம் வாழ்வைப் பற்றித் தாமே சொன்ன சொல் அப்பாட்டில் மட்டுமே உள்ளது. அவர்கள் நாட்குறிப்பு எழுதவில்லை, கடிதம் எழுதவில்லை. வேலை போகட்டும், சான்று போகக் கூடாது.

'திரைப்பாட்டு இல்லாவிடில் மெட்டும் அழிந்திருக்கும்' என்பது இரண்டாவது மறுப்பு. இதில் உண்மை உண்டு. மகாதேவனும் மருதகாசியும் காத்துத் தந்தவற்றுக்கு நாம் என்றும் நன்றியுடையோம். எனினும் அவர்கள் காத்தது மாதிரியை. விதைநெல்லில் ஒரு படி எடுத்துக் காட்சிக்கு வைத்ததற்காகக் குதிரையே திறந்து விட்டுவிடலாமா?

'அப்பாடல்களில் சாதி இழிவும் வசையும் கொச்சையும் உண்டே' என்பது மூன்றாவது. உண்டு. இழிவு செய்தவர் பாடியதும் உண்டு. இழிவுற்றவர் பொருமிப் பாடியதும் உண்டு. இரண்டையும் உள்ளவாறே பதிதல் வேண்டும். திருத்திய சான்று சான்றாகாது.

இத்துறையில் நமக்கு முன்மாதிரிகள் இல்லாமலில்லை. சார்லஸ் கோவர் 1871இலேயே தென்னிந்திய நாட்டுப் பாடல்களை ஆங்கிலத்தில் நூலாக்கினார். பெர்சி மக்வீன் என்னும் ஆங்கில அலுவலர் திரட்டியவற்றைக் கி. வா. ஜகந்நாதன் பதிப்பிக்க, தஞ்சைச் சரசுவதி மகால் 1958இல் 'மலையருவி' என்ற பெயரில் வெளியிட்டது. பேராசிரியர் நா. வானமாமலை 1964இல் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' என்ற தொகுப்பைத் தந்தபோது, பாட்டோடு பாடி உதவியவர், சேகரித்தவர், இடம் ஆகிய குறிப்புகளையும் சேர்த்தார். அச்சிறு குறிப்பு பெரும் அறம். ஏனெனில் பெயரைப் பற்றிய வழக்கு இன்றும் ஓய்ந்தபாடில்லை. 2021இல் வெளிவந்து உலகெங்கும் பரவிய 'எஞ்சாயி எஞ்சாமி' என்ற பாட்டில், கவிஞர் அறிவு தம் பாட்டி வள்ளியம்மாளின் தேயிலைத் தோட்ட வாழ்வை எண்ணிப் பாடினார். மறு ஆண்டே, அப்பாட்டில் யாருக்கு எவ்வளவு உரிமை என்ற விவாதம் பொதுவெளியில் எழுந்தது. கார்ட்டரும் ரிடிலும் காலத்து வினா, நூறாண்டு நெருங்கியும் நம் தெருவில் நிற்கின்றது.

நம் இல்லங்களிலும்

இப்பணி ஏதோ ஒரு சாராருக்கு உரியது என்று எண்ண வேண்டா. கும்மி, சிந்து, ஏசல், தாலாட்டு, நொண்டி நாடகம் முதலிய மக்கள் வடிவங்களை இஸ்லாமியத் தமிழ்ப் புலவர்கள் விரும்பிக் கையாண்டனர் என்பதை நம் மாணவர் பாடத்தில் கற்கின்றனர். ஆனால் ஏட்டில் அச்சான தாலாட்டு வேறு. நம் வீட்டுத் தாய்மார் தொட்டிலை ஆட்டியவாறு பாடிய தாலாட்டு வேறு. நபிகள் பெருமானாரின் அருமை மகளார் பாத்திமா நாயகியின் பெயரைச் சொல்லிப் பெண் குழந்தையைத் தூங்க வைத்த பாட்டுகளும், மணப்பெண்ணைச் சூழ்ந்து உறவு மகளிர் கேலியும் வாழ்த்துமாகப் பாடியவையும் பெரும்பாலும் எழுதப்படவேயில்லை. நம் பகுதியில் உருது பேசும் இல்லங்களும் தெலுங்கும் கன்னடமும் பேசும் இல்லங்களும் உள்ளன. ஒரே தெருவில் நான்கு மொழித் தாலாட்டு ஒலித்த ஊர்கள் இவை. ஈ. எம். ஹனீபாவின் கம்பீரக் குரல் இசைத்தட்டில் ஏறி நிலைத்தது நமக்குப் பெருமை. அக்குரலைக் கேட்டுக்கொண்டே தொட்டிலாட்டிய அன்னையின் குரலும் நிலைக்க வேண்டாமா? கூட்டத்தில் பாட விரும்பாத பெண்மணியரிடம் அவர்தம் பேத்தியரே கேட்டு எழுதலாம். நம் கல்லூரியில் பயிலும் மாணவியர் செய்யக்கூடிய இப்பணியை வெளியிலிருந்து வரும் எந்த ஆய்வாளரும் செய்ய இயலாது.

செய்ய வேண்டுவன

1927இல் ரால்ப் பியர் ஒரு பாட்டைப் பதியப் பெட்டி பெட்டியாகக் கருவிகளைச் சுமந்து வர வேண்டியிருந்தது. இன்று மாணவர் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் அதனினும் சிறந்த கருவி, கைப்பேசி என்ற பெயரில் இருக்கின்றது. இல்லாதது கேட்கும் மனம் ஒன்றே. ஆதலால் பின்வருவனவற்றை முன்வைக்கிறோம்.

மாணவச் செல்வங்களே! விடுமுறைக்கு ஊர் செல்லும்போது ஒரு முதியவரிடம் ஒரு பாட்டேனும் கேளுங்கள். 'பாட்டுப் பாடு' என்று கேளாதீர்கள், திரைப்பாட்டே வரும். 'களை எடுக்கையில் என்ன சொல்வீர்கள்? கதிர் அடிக்கையில் என்ன சொல்வீர்கள்? பிள்ளையைத் தூங்க வைக்க என்ன சொல்வீர்கள்?' என்று வேலையைச் சொல்லிக் கேளுங்கள். அவர் இசைவு பெற்றுப் பதியுங்கள். பாடியவர் பெயர், ஊர், எந்த வேலைக்குப் பாடியது, யாரிடம் கற்றார், பதிந்த நாள் ஆகிய ஐந்தையும் மறவாமல் குறியுங்கள். 'வழு' என்று கருதி ஓர் எழுத்தையும் திருத்தாதீர்கள். பதிவின் படியொன்றை அவர் குடும்பத்தாரிடம் கொடுங்கள். அது அவர்கள் சொத்து.

ஆசிரியப் பெருமக்கள், நாட்டுப்புறவியல் தாளின் அகமதிப்பீட்டில் இப்பணிக்கு உரிய மதிப்பெண் வழங்குதல் வேண்டும். இருபது நூல்களைப் பார்த்து எழுதிய கட்டுரையினும், ஒரு பாட்டியின் வாய்மொழியைப் பிழையின்றிப் பெயர்த்தெழுதிய இரு பக்கம் அருமையானது. துறை நூலகத்தில் இதற்கென ஒரு பேழை ஒதுக்கி, ஆண்டுதோறும் வரும் பாடல்களைப் பாடியோர் பெயராலேயே அகரவரிசைப்படுத்தி வைக்கலாம். இதற்குப் பெருஞ்செலவு வேண்டா.

சமுதாயப் பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பேரன் பேத்தியர் கேட்க வரும்போது, 'அதெல்லாம் எதற்கு?' என்று மறுக்காதீர்கள். நீங்கள் முணுமுணுப்பதும் பாட்டே. அதற்கு இலக்கணம் வகுத்தவர் தொல்காப்பியர். இடம் கொடுத்தவர் இளங்கோ.

இசைத்தட்டில் ஏறிய பாட்டுக்கு இனி நம் காவல் தேவையில்லை. அதற்கு ஆயிரம் காவலர் உளர். திருகைக்கல் முன் பாடப்பட்டு, பாதியில் நின்ற பாட்டுகளுக்கு நம்மையன்றி யாருமில்லை. இவ்வாண்டு விடுமுறையில் நம் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பாட்டோடும் ஒரு பெயரோடும் திரும்பி வருவார்களாயின், அடுத்த மலரின் பக்கங்களை அவற்றைக் கொண்டே நிரப்புவோமாக.